மூன்றாம் மடைக்கு அருகே ஒரு சரளைக் குவியல்

ஜூன் 9, திங்கள்

இன்று மூன்றாம் மடைக்கு அருகே விழுந்தேன். விழுந்தேன் என்று எழுதுவதே தவறு, விழவைக்கப்பட்டேன். கூத்தனாற்றின் கரைப்பாதையில் இடது ஓரமாக ஒரு வண்டிச் சரளையைக் கொட்டி, அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். முன்சக்கரம் அதில் ஏறிப் புதைந்தது. நான் பக்கவாட்டில் சாய்ந்தேன். முழங்கையில் தோல் உரிந்துவிட்டது, இடது முட்டியில் கல் குத்தி மூன்று காயங்கள். எழுந்து பார்த்தால் சுற்றிலும் ஓர் ஆள் இல்லை. வரப்பில் இரண்டு கொக்குகள் நின்றன. அவையும் உதவுவதாக இல்லை.

யார் கொட்டியது என்று விசாரிக்கவே தேவையில்லை. இந்தக் கரையையும் மடைகளையும் பார்த்துக்கொள்ளும் லஸ்கர் காசிமாயன்தான். மழையில் கரைந்த இடத்துக்குப் போடக் கொண்டுவந்திருப்பான். போடு, வேண்டாம் என்று யார் சொன்னது? போட்ட பிறகு மிச்சத்தை அள்ளு. முப்பத்து நான்கு வருடம் கணக்கு நடத்தியவள் நான். பாதிக் கணக்கைப் போட்டுவிட்டு நோட்டை மூடிவைக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியாதா?

மகன் இளம்பரிதி போன் செய்தான். விழுந்ததைச் சொல்லவில்லை. சைக்கிள் அவனுடையது. தடித்த டயரும், ஆட்டுக்கிடாக் கொம்பு போல வளைந்த கைப்பிடியும் உள்ள, சரளைப் பாதைக்கான கிராவல் பைக். வாங்கி நான்கு தடவை ஓட்டினான், புனேயில் வேலை கிடைத்துப் போய்விட்டான். மூன்று வருடமாக ஓட்டுவது நான். தும்மலப்பட்டியில் அதற்குப் பெயர் கிடாக்கொம்பு சைக்கிள். எனக்கும் ஏதோ பெயர் வைத்திருப்பார்கள். முகத்துக்கு நேரே சொல்ல யாருக்கும் துணிச்சல் இல்லை. பாதி ஊர் என்னிடம் படித்தது.

ஜூன் 12, வியாழன்

வளைந்த பிரேக் பிடியை நிமிர்த்த தாவூது பாய் கடைக்குப் போனேன். அவர் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தார்.

“டீச்சரம்மா, ஒண்ணு சொல்லவா? சோத்தாங்கைப் பக்கம் எல்லாம் நேத்து வாங்குன மாதிரி இருக்கு. நொட்டாங்கைப் பக்கம் பெடல், பிடி, கொம்பு எல்லாம் பத்து வருசம் ஓடுன மாதிரி கீறிக் கெடக்கு. ஒரே வண்டிதானே?”

“ரோட்டுல எடது பக்கமாத்தான பாய் போறோம். இடிக்கிறதும் எடது பக்கந்தான் இடிக்கும்.”

“நானும் எடது பக்கமாத்தான் மொபெட்டுல போறேன்.”

“உங்களுக்கு எங்க பாய் வழியில சரளையைக் கொட்டி வைக்கிறாங்க?”

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பொது வழியில் நடக்கும் அநியாயத்தை விட்டுவிட்டு என் பெடலை ஆராய்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

நல்ல ஓட்டம். காலை ஐந்தே முக்காலுக்குக் கிளம்பித் தடுப்பணை வரை பதினோரு கிலோமீட்டர். டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். சரளையில் இறுக்கமான டயர் தத்தும்; சற்றுத் தளர்ந்தது கல்லை அணைத்துக்கொண்டு போகும். ஒன்பதாம் வகுப்பு ‘ஈ’ பிரிவைப் போலத்தான். இறுக்கிப் பிடித்த ஆசிரியர்கள் எல்லாரும் அங்கே தத்தினார்கள்.

போகும்போது ஆறு வலது பக்கம். முதல் தண்ணீர் திறந்துவிட்டதால் கலங்கலாக, இரைச்சலோடு வந்தது. நாற்றங்கால்கள் பச்சை பிடித்துவிட்டன. திராட்சைப் பந்தலுக்கு மேலே மலை முழுசாகத் தெரிந்தது. மூச்சு வாங்கவே இல்லை. அறுபத்திரண்டு வயது என்று யாராவது சொன்னால் சான்றிதழ் கேட்பேன்.

ஒரே குறை. திரும்பி வரும்போது, ஆறு இடது பக்கம் இருக்க வேண்டிய நேரத்தில், அது கண்ணில் படுவதே இல்லை. நாணல் அவ்வளவு வளர்ந்துவிட்டது. சத்தம் மட்டும் கேட்கிறது. நாணல் வெட்டுவதும் காசிமாயன் வேலைதான்.

ஜூன் 18, புதன்

பால் சொசைட்டியில், என்னிடம் படித்த செல்வமணியின் தாய் எல்லோர் முன்னாலும் கேட்கிறாள்: “ரிட்டயர் ஆனதும் டீச்சருக்கு மனுசர் தெரிய மாட்டேங்குது. நேத்து பக்கத்துல நின்னு கும்பிட்டேன், திரும்பாமப் போறீங்க.”

எந்தப் பக்கம் நின்றாய் என்று கேட்டேன். வேலிப் பக்கம் என்றாள். வேலிப் பக்கம் ஒளிந்து நின்று கும்பிட்டால் அது கும்பிடா?

ஜூன் 23, திங்கள்

மறுபடியும் விழுந்தேன். அதே மூன்றாம் மடை, அதே குவியல். இரண்டு வாரமாக ஒரு கூடைகூடக் குறையவில்லை. இந்த முறை மணிக்கட்டு.

ஒரே இடத்தில் ஒரு முறை விழுந்தால் விபத்து. இரண்டு முறை விழுந்தால் நிர்வாகம்.

ஜூன் 24, செவ்வாய்

மனு எழுதினேன். மூன்று பக்கம், ஐந்து குறைகள். சரளைக் குவியல், வெட்டப்படாத நாணல், எச்சரிக்கை எதுவும் இல்லாதது, மடைக்கல்லுக்கு வெள்ளை அடிக்காதது, இவை அனைத்துக்கும் காரணமான லஸ்கரின் பொறுப்பின்மை. ‘மனித உயிரைத் துச்சமாக மதிக்கும் போக்கு’ என்று ஒரு தொடர் வந்தது. அழிக்கலாமா என்று யோசித்தேன். மணிக்கட்டு வலித்தது. அழிக்கவில்லை.

பாசன அலுவலகத்தில் உதவிப் பொறியாளராக இருப்பது தமயந்தி. என்னிடம் பத்தாவதில் கணக்கு படித்தவள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள். மனுவை வாங்கி, கையெழுத்தைப் பார்த்து, “இன்னும் அதே கையெழுத்து டீச்சர்” என்றாள்.

“கையெழுத்தை விடு. படி.”

“நீங்க எழுதிக் குடுத்தா அதுக்கு மேல என்ன டீச்சர் இருக்கு? நான் பாத்துக்கிறேன்.”

இப்படி ஓர் அலுவலகம் எல்லா இடத்திலும் இருந்தால் நாடு உருப்படும்.

ஜூலை 2, புதன்

குவியல் அப்படியே இருக்கிறது. இப்போது அந்த இடத்தில் வலது ஓரமாக ஒட்டிப் போய்விடுகிறேன்.

ஜூலை 7, திங்கள்

தாவூது பாய் கடையில் கேள்விப்பட்டேன். காசிமாயனை நிறுத்திவிட்டார்களாம். முதல் தேதியிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டார்களாம். தற்காலிகப் பணியாளர் என்பதால் காகிதம்கூடத் தேவையில்லை.

நான் கேட்டது குவியலை அகற்ற. ஆளை அகற்ற இல்லை. கூட்டல் கேட்டால் கழித்துக் கொடுக்கிறார்கள். குவியல் இருக்கிறது, ஆள் இல்லை!

ஆனாலும் ஒன்று. கடமையைச் செய்திருந்தால் இது வந்திருக்காது.

ஜூலை 8, செவ்வாய்

காலையில் வாசலைத் தெளித்துக்கொண்டிருந்தேன். “டீச்சர்” என்று காதருகே குரல். பக்கெட்டைப் போட்டுவிட்டேன். காசிமாயன் மனைவி ஒச்சம்மாள், என் இடது கைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. பூனை மாதிரி வருகிறார்கள்.

உள்ளே வா என்றேன். வரவில்லை.

“பதினெட்டு வருசம் டீச்சர். தண்ணி தெறந்தா ராத்திரி பகல் கரையிலதான் கெடந்தாரு. எங்க கல்யாண நாளு, திருவிழா, எங்கப்பன் செத்தது, எல்லாத்துலயும் அந்தாளு மடைய விட்டு வரல. ஏன்? இந்த வருசம் நிரந்தரம் பண்ற பட்டியல்ல பேரு வந்திருச்சு. பதினெட்டு வருசத்துக்கு ஒரு பட்டியலு. அதுல போயி ஒங்க பேனாவ வச்சிட்டீங்களே.”

“ஒச்சம்மா, நான் ரெண்டு தடவை விழுந்திருக்கேன். குவியலை வழியில போட்டுட்டு ஒரு அடையாளம்கூட வைக்கல அவன்.”

“அடையாளமா? என் செவப்புச் சேலையக் கிழிச்சுக் கம்புல கட்டி நட்டு வச்சாரு டீச்சர். அவசரத்துக்கு நல்ல சேலையக் கிழிச்சுட்டியேன்னு நான்தான் சண்ட போட்டேன். வழியிலயும் போடல. ஓரம் ஒதுக்கி, டிராக்டர் போற மாதிரி வழி விட்டுத்தான் போட்டாரு. எத்தனையோ வண்டி போகுது. ஒரு மாட்டு வண்டி விழல. ஒரு ஆடு விழல. ஒங்க கிடாக்கொம்பு ஒண்ணுதான் விழுது!”

போய்விட்டாள். தப்பு செய்தவர்கள் சேலைக் கதை சொல்வது எனக்குப் புதிதல்ல. வீட்டுப்பாடத்தை ஆடு தின்றுவிட்டது என்ற மாணவன்கூட உண்டு. சிவப்புத் துணி இருந்திருந்தால் எனக்குத் தெரியாதா? நான் என்ன குருடா?

ஜூலை 9, புதன்

மூன்றாம் மடைக்குப் போனேன். இறங்கி, வண்டியை நிறுத்திவிட்டு, குவியலுக்கு நேரே நின்று பார்த்தேன்.

கம்பு இருக்கிறது. என் உயரம். உச்சியில் சிவப்புத் துணி.

சண்டைக்குப் பிறகு, நேற்று மாலைதான் நட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். அருகில் போனேன். வெயில் படும் பக்கம் துணி ரோஸ் நிறத்துக்கு வெளுத்திருந்தது. முடிச்சில் தூசி படிந்து இறுகியிருந்தது. முடிச்சுக்கும் கம்புக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை. அதில் பழைய பூச்சிகளின் இறக்கைகள். கம்பின் அடியில் அறுகம்புல் ஏறியிருந்தது.

ஒரே இரவில் புல் ஏறாது.

குவியலைக் காலால் அளந்தேன். பாதையின் அகலம் பதினான்கு அடி. குவியல் அடைத்திருப்பது மூன்று அடி.

ஜூலை 10, வியாழன்

காற்று அதிகம். வண்டி எடுக்கவில்லை.

ஜூலை 14, திங்கள்

தமயந்தியைப் பார்க்கப் போனேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன் என்றேன்.

“ஏன் டீச்சர்? யாராவது மிரட்டுனாங்களா?”

“என்னையா? யாரு மிரட்டுறது? குவியல் அவ்வளவு பெரிசா இல்லை. அவ்வளவுதான்.”

அவள் கோப்பை எடுத்து என் முன்னால் வைத்தாள். என் கையெழுத்தில் ‘மனித உயிரைத் துச்சமாக’ என்று இருந்தது. அடியில் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள்.

“இது மேலதிகாரி பார்வைக்குப் போய் வந்துருச்சு டீச்சர். சும்மா வாபஸ்னு எழுதினா, அவரு தப்பு பண்ணினாரு, பாவம் பாத்து நீங்க விட்டீங்கன்னு ஆகும். பட்டியல்ல பேரு நிக்காது. தப்பே நடக்கலன்னு எழுதணும். ஏன் அப்படி முதல்ல எழுதினீங்கன்னு காரணமும் எழுதணும். பட்டியல் போக மாசக் கடைசிக்கு மேல ஒரு மாசம் இருக்கு. ஆகஸ்ட் முப்பத்தொண்ணுக்குள்ள குடுத்தீங்கன்னா சரியா இருக்கும்.”

காரணமாம். பொழுது புலர்வதற்கு முன்னால் வெளிச்சம் குறைவு என்று எழுதலாமா என்றேன். நான் எழுதியிருந்த நேரம் காலை ஆறரை என்று அவள் காட்டினாள். ஜூன் மாதம், ஆறரை மணி! கணக்குப் போடத் தெரிந்த பிள்ளையை வளர்த்தால் இதுதான் வினை.

ஜூலை 20, ஞாயிறு

இளம்பரிதிக்கு யார் சொன்னது? தாவூது பாயாகத்தான் இருக்கும். ஒரு மணி நேரம் பேசினான். கடைசியில் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

“அம்மா, தாத்தாவுக்கும் இப்படித்தான ஆரம்பிச்சுது? ஓரத்துல இருக்கிறது தெரியாம, கதவு நிலையில இடிச்சு இடிச்சு...”

எங்கப்பாவுக்கு அப்போது எண்பது வயது. நான் செய்தித்தாளைக் கண்ணாடி போட்டு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்கிறேன். ஊசியில் நூல் கோக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போ, போ என்றால்? எனக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டேன். வைத்த இடத்தில் மேசை முடிந்துவிட்டது போலிருக்கிறது. திரை உடைந்துவிட்டது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை வரிசையாக எழுதுகிறேன். பேனாவை அழுத்தியதில் தாள் கிழிந்தது. கோபத்தில்தான்.

தடுப்பணையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். நேற்று மேலே நல்ல மழை. ஆறு பெரிய சத்தத்தோடு போனது. சரளை ஈரமாக, அமுங்கி, சக்கரத்துக்கு மெத்தை போல இருந்தது. வேகம் தானாக ஏறியது. பெடலை நிறுத்திவிட்டு, கொம்பைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு வந்தேன். சரளையில் கைப்பிடியை இறுக்கினால் வண்டி முரண்டு பிடிக்கும். கொஞ்சம் ஆட விட்டால் தானே வழி தேடிக்கொள்ளும்.

“டீச்சர்! நில்லு! நில்லு!”

என்னை ‘நில்லு’ என்று ஒருமையில் கத்திய குரல். அந்தக் கோபத்திலேயே பிரேக்கைப் பிடித்தேன். சக்கரம் இழுத்துக்கொண்டு போய் நின்றது. எதிரே வாய்க்கால் மேட்டிலிருந்து காசிமாயன் ஓடி வந்தான். தலையில் புல்லுக்கட்டு. பாதி வழியில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தான். வந்தவன் என்னைப் பிடிக்கவில்லை, சைக்கிளின் கொம்பைப் பிடித்தான்.

“என்ன மரியாதை இது?” என்றேன்.

“மரியாதைய அப்பறம் தாரேன். மொதல்ல எறங்குங்க. சோத்தாங்கைப் பக்கமா எறங்குங்க.”

இறங்கினேன். தலையை முழுதாகத் திருப்பிப் பார்த்தேன். முன்சக்கரத்துக்கு இடது பக்கம் கரை இல்லை. இரவு வெள்ளம் அரித்துவைத்தது, நான் போன பிறகு சரிந்திருந்தது. பாதையில் பாதியே காணோம். நேர்கீழே பதினைந்தடியில் ஆறு சுழித்துக்கொண்டிருந்தது. நாணல் எங்கே என்று தேடினேன். வெட்டிய கட்டைகள்தான் இருந்தன, காய்ந்து கறுத்து. சித்திரையில் வெட்டியது என்றான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. “இப்படிக் கரை போயிருக்கு. ஒரு கல்லு இல்லை, ஒரு கம்பு இல்லை. யாரு பாக்கறது இதெல்லாம்?”

“நான்தான் பாத்தேன் டீச்சர், ஜூன் மாசம் வரைக்கும்.”

அவன் என்னையே பார்த்தான். பிறகு என் இடது பக்கமாக நகர்ந்தான்.

“டீச்சர், தலைய ஆட்டாம நேராப் பாருங்க. இது எத்தன வெரலு?”

என்னிடம்! ஒன்று, இரண்டு, மூன்று என்று இந்த ஊருக்குச் சொல்லிக்கொடுத்த என்னிடம், ஆற்றங்கரையில் நிறுத்தி விரலைக் காட்டுகிறான்!

நான் பதில் சொல்லவில்லை. அவன் மறுபடியும் கேட்டான். மறுபடியும் சொல்லவில்லை. அப்போது அவன் மிக மெதுவாக, “சரி டீச்சர், கைய எறக்கிட்டேன். வாங்க, கூட வாறேன்” என்றான்.

கை மேலேதான் இருந்தது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதுரையில் கண் ஆஸ்பத்திரி. இருட்டறையில் ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். நடுவில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஓரங்களில் எங்காவது சிறு வெளிச்சம் வந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். தேர்வுதானே என்று உட்கார்ந்தேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. இந்நேரம் வந்திருக்க வேண்டுமே என்று தோன்றியது. அமுக்கினேன். இன்னொன்றும் அமுக்கினேன். அந்த அறையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. “அம்மா, லைட் வராதப்பவும் அமுக்குறீங்க. மிஷின் கண்டுபிடிச்சுரும். தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க” என்றாள்.

எத்தனை பிள்ளைகளை இதற்காகப் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்!

மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். தெரிந்தபோது மட்டும் அமுக்கினேன். அதிகம் அமுக்க வேண்டியிருக்கவில்லை.

கண்ணுக்குள் அழுத்தமாம். இடது கண்ணில் நடுவைத் தவிர மற்றது போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் தொடங்கியிருக்கிறது. இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றலாம். போனது போனதுதான் என்கிறார் டாக்டர், ஏதோ பேருந்தைச் சொல்வது போல. “நடுப்பார்வை நல்லா இருக்கறதால யாருக்கும் சீக்கிரம் தெரியாதும்மா. எவ்வளவு நாளா இடிச்சுக்கறீங்க?”

தெரியாது என்றேன்.

சைக்கிள் கூடாது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

கடிதம் எழுத உட்கார்ந்தேன். ‘சில தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று தொடங்கினேன். கிழித்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

‘உடல்நலக் குறைவின் காரணமாக ஏற்பட்ட கவனக்குறைவால்’. உடல்நலக் குறைவு என்றால் காய்ச்சலா, பேதியா? ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன். கிழித்தேன்.

எழுதிவிட்டால் அலுவலகம் முழுக்கப் படிக்கும். தும்மலப்பட்டி படிக்கும். நாளை முதல் ஒவ்வொருத்தியும் என் இடது பக்கம் நின்று தொண்டையைச் செருமுவாள். கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிடுவாள்.

இன்னும் பதினான்கு நாள் இருக்கிறது.

ஆகஸ்ட் 21, வியாழன்

சொட்டு மருந்து எரிகிறது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு முதல் மடை வரை போய் வந்தேன். ஓட்டவில்லை. சக்கரம் சரளையில் உருளும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று எழுதி முடித்தேன். ஐந்து வரிதான்.

‘கடந்த ஜூன் 24 அன்று நான் அளித்த மனுவில் உள்ள ஐந்து குறைகளும் தவறானவை. குவியல் ஓரமாகவே இருந்தது, சிவப்புத் துணி கட்டப்பட்டிருந்தது, நாணல் வெட்டப்பட்டிருந்தது, மடைக்கல்லுக்கு வெள்ளை அடிக்கப்பட்டிருந்தது. என் இடது கண்ணில் பக்கப் பார்வை இல்லாததால் இவற்றை நான் காணவில்லை. காணாததை இல்லை என்று எழுதினேன். தவறு முழுவதும் என்னுடையது, லஸ்கர் திரு. காசிமாயன் அவர்களுடையது அல்ல.’ மருத்துவச் சான்று இணைப்பு. தி. மங்கையர்க்கரசி, கணித ஆசிரியர், ஓய்வு.

இன்று காலை கொண்டுபோய்க் கொடுத்தேன். தமயந்தி படித்தாள். மறுபடியும் படித்தாள். முகம் போன போக்கைப் பார்த்து, எனக்காக வருத்தப்படுகிறாள் என்று நினைத்தேன்.

“டீச்சர்... பட்டியலைப் போன வெள்ளிக்கிழமையே மாவட்ட ஆபீசுல கேட்டு வாங்கிட்டாங்க. அவரு பேரு இல்லாமத்தான் போயிருக்கு.”

“முப்பத்தொண்ணுன்னு சொன்னியே!”

“நானும் அப்படித்தான் நினைச்சேன் டீச்சர். முன்னாடியே கேட்டுட்டாங்க. தினக்கூலி வேலைய நாளைக்கே திருப்பிக் குடுத்துருவேன், அது என் கையில இருக்கு. பட்டியல் என் கையில இல்ல.”

வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை நான் சைக்கிள் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வாயில் வந்தது அவள் மேல் பாய்ந்தது. “ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மூணாம் மடைக்குப் போய்ப் பார்த்தியா? துணி இருக்கா இல்லையான்னு? ஒரு மனுசனோட பதினெட்டு வருசத்துக்கு எந்த வழிமுறையும் இல்லாம விடை மட்டும் எழுதிக் குடுத்திருக்க!”

“நீங்க எழுதினீங்க டீச்சர்.” அவள் கண்ணில் நீர் முட்டியது. “நீங்க எழுதினா சரியா இருக்கும்னு...”

“என் கையெழுத்துக்கு விசாரணை வேண்டாம்னு உனக்கு யாரு சொன்னது?”

யாரும் சொல்லவில்லை. முப்பத்து நான்கு வருடம் அப்படி நடந்துகொண்டது நான்தான். கரும்பலகையில் நான் தவறாக எழுதியதைச் சுட்டிக்காட்டிய ஒரு பிள்ளையை வெளியே நிறுத்தியிருக்கிறேன். எந்தப் பிள்ளை என்று நினைவில்லை. இவளாக இருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 30, சனி

காசிமாயன் வீட்டுக்கு நடந்து போனேன். ஒச்சம்மாள் என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள். அது சரிதான்.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன், டாக்டர் சொன்ன பிறகு பதினெட்டு நாள் கடிதத்தைத் தள்ளிப்போட்டதையும் சேர்த்து. அவர் தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கூலி வேல வந்துருச்சு டீச்சர். நேத்தே அரிப்புல கல்லுப் போட ஆரம்பிச்சிட்டேன்.”

“பட்டியல்?”

“அது போச்சு.” அவர் சொன்ன விதத்தில் டாக்டரின் நினைவு வந்தது. எனக்குத் தாங்கவில்லை.

பேச்சை மாற்ற, இல்லை, ஏதாவது கொடுத்துவிட வேண்டும் என்ற அற்பப் புத்தியில், கரை சுற்றிவர அந்தச் சைக்கிளை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

“அதுல ஏறுனாக் குனிஞ்சே போகணும் டீச்சர். பதினெட்டு வருசமாக் குனிஞ்சது போதும்.”

உள்ளேயிருந்து ஒச்சம்மாள் குரல் மட்டும் வந்தது: “சைக்கிளு எதுக்கு? எங்க பேர எங்க எடுத்தாங்களோ, அங்கன போயி வைக்கச் சொல்லுங்க.”

செப்டம்பர் 4, வியாழன்

மாவட்ட அலுவலகத்தின் முதல் மாடி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் இடது பக்கம் காசிமாயன். அவரே அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார்; நான் கேட்கவில்லை. வருகைப் பதிவேட்டின் பதினெட்டு வருடப் பிரதிகள் அவர் மடியில். தமயந்தி எடுத்துக் கொடுத்தாள். தானும் ஒரு விளக்கம் எழுதி, விசாரிக்காமல் நிறுத்தியது தன் தவறு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாள். அதனால் அவளுக்கு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

காலை பத்தே காலுக்கு வந்தோம். காசிமாயன் பெயரைத் திரும்பச் சேர்க்கக் கேட்கும் மனுவைப் பிரிவு எழுத்தர் வாங்கினார். முதல் வரியைப் படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“பட்டியல் முடிஞ்சதும்மா. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது. அதோட, பார்வைக் குறைவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நீங்க சொல்றதை எப்படி எடுத்துக்கிறது?”

“சொல்றதை எடுத்துக்க வேணாம் சார். போய்ப் பாருங்க. மூணாம் மடை, தும்மலப்பட்டி. கம்பு இருக்கு, துணி இருக்கு, புல்லு ஏறியிருக்கு. என்னை நம்பித்தான் ஒரு தடவை இவரைக் கெடுத்தீங்க. இப்ப நம்பாம இருந்து கெடுக்கப் பாக்கறீங்களா?”

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கினார். காசிமாயன் என் முந்தானையைத் தொடாத குறையாக, “மெதுவா டீச்சர்” என்றார்.

“அதிகாரி மீட்டிங்கில இருக்காரு. எப்ப வருவாருன்னு தெரியாது. நாளைக்கு வாங்க.”

“இன்னைக்கு வருவாருல்ல?”

“வரலாம்.”

“அப்ப உக்காந்திருக்கோம்.”

அவர் தோளைக் குலுக்கினார். உட்கார்ந்திருக்கிறோம். பெஞ்சு இரும்பு. மின்விசிறி எங்கள் பக்கம் வரும்போதெல்லாம் பதிவேட்டுத் தாள்கள் பறக்கப் பார்க்கின்றன. காசிமாயன் உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்திருக்கிறார். படிக்கட்டுப் பக்கம் யார் வந்தாலும் எனக்குச் சொல்கிறார்: “பியூன்தான் டீச்சர்.” “இது வேற ஆபீசு ஆளு.” “ஒக்காருங்க, அவரு இல்ல.”

மணி இரண்டே முக்கால். மனுவை மறுபடி ஒருமுறை வாசித்தேன். இரண்டாவது பத்தியில் ‘தயவுகூர்ந்து’ என்று எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிட்டேன்.

“டீச்சர், ஜீப்பு வந்துருச்சு. எறங்குறாரு.”

எழுந்துகொள்கிறேன்.